காலைக் கேள்விகள் ஆறு: நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

2022 சித்திரையிலிருந்து தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஆறு கேள்விகள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இருபது பேரோடு ஆரம்பித்தது. இப்போது பழைய மாணவர்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், எங்கள் தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று நூற்றைம்பது பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே என் பதிலைத் தந்திருக்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் முப்பத்தோரு வருடம் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பதினாறு வருடமாகச் சர்க்கரை நோயோடு இருப்பவள். மருத்துவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டீச்சர், இதுல என்னென்ன வரும்? எப்ப விடை போடுவீங்க?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி, என் உடம்பைப் பற்றி: அன்றைய வெறும் வயிற்றுச் சர்க்கரை, பாதம் எப்படி இருக்கிறது என்பது. அதன் கீழே பொது அறிவில் நான்கு கேள்விகள், உடல்நலத்தில் ஒன்று, நாட்டு நடப்பில் ஒன்று. விடை இரவு எட்டு மணிக்கு. அதற்குள் நீங்கள் அனுப்பினால் போதும். பள்ளிக்கூடம், வேலை, சமையல் எல்லாம் முடித்துவிட்டு நிதானமாக அனுப்பலாம்.

க்விஸ்ஸுக்கு மேல உங்க சுகர் எவ்வளவுன்னு எதுக்கு எழுதுறீங்க? அது எங்களுக்கு எதுக்கு?

2022 சித்திரையில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். நண்பகல் நேரம், கருங்கல் தளம். மூன்று முறை பிராகாரம் சுற்றினேன். பக்கத்தில் வந்தவர்கள் சூடு தாங்காமல் நிழலைத் தேடி ஓடினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். பல வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்துப்போயிருந்தன. இடது கால் கொப்புளம் புண்ணாகி, நான்கு மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நான்கு மாதமும் காலை முதல் போன்தான். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாமல், எல்லோருக்கும் சேர்த்து ஒரு வரி எழுதி அனுப்பினேன். வெறும் புண் கதையை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை. வகுப்பில் கேட்பது போல் கீழே நான்கு கேள்விகளைச் சேர்த்தேன். க்விஸ் பிறந்தது அப்படித்தான். புண் ஆறியதும் அந்த வரியை நிறுத்தப் பார்த்தேன். ஆனால் அதற்குள் ஏழெட்டுப் பேர் தங்கள் சர்க்கரை அளவை எனக்குத் தனியாக அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அதில் மூன்று பேர் அதுவரை பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள். அதனால் நிறுத்தவில்லை.

இன்னைக்கு 142-ன்னு போட்டிருந்தீங்க. அது நல்லதா கெட்டதா?

இரண்டு கணக்கு இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். நோய் இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கில், வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்; அதையும் இன்னொரு முறை சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கான இலக்கு வேறு. பெரும்பாலும் 80-லிருந்து 130-க்குள் இருக்கச் சொல்வார்கள்; வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து மருத்துவர் அதைக் கூட்டிக் குறைப்பார். என் கணக்கில் 142 கொஞ்சம் அதிகம். முந்தின இரவு கல்யாண வீட்டுச் சாப்பாடு.

ஆனால் 142 என்பது அந்த ஒரு காலையின் எண். அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், 110 வந்துவிட்டது என்று மாத்திரையை விடவும் வேண்டாம். கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரியைச் சொல்வது எச்பிஏ1சி பரிசோதனை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கிறது. அந்த நாட்களில் அதன்மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதைத்தான் அது அளக்கிறது. 5.7-க்குக் கீழே சரி, 6.5-ம் மேலும் நோய். இரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் ஏமாற்றலாம். அவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு வீட்டு மெஷின்ல 118, லேப்ல 109. எது பொய் சொல்லுது?

இரண்டுமே பொய் சொல்லவில்லை. வீட்டுக் கருவிக்கு லேப் அளவிலிருந்து சுமார் 15 சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு. உங்களுடையது அதற்குள்தான் இருக்கிறது. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் மட்டும் எந்தக் கருவியும் தப்பாகத்தான் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

பெரிய வித்தியாசம் வந்தால் விடாதீர்கள். ஒருமுறை ஒரு லேபில் என் பெயரில் 312 என்று ரிப்போர்ட் தந்தார்கள். அன்று காலை வீட்டில் 131. மறுநாள் வேறு இடத்தில் எடுத்தேன், 128. யாருடைய ரிப்போர்ட்டோ என் பெயரில் வந்திருந்தது. அந்த 312-ஐ நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, இன்சுலின் பற்றிய பதிலைப் படித்தால் புரிந்துகொள்வீர்கள்.

கூகுள் பாத்து விடை போடலாமா?

போடலாம். பக்கத்தில் "பார்த்தேன்" என்று எழுதுங்கள், அதற்கு அரை மார்க்.

தமிழ்நாட்டுல 38 மாவட்டம்னு விடை போட்டீங்க. என் பையன் கைடுல 32-ன்னு இருக்கே?

கைடு அச்சான வருடத்தைப் பாருங்கள். 2019 தொடங்கியபோது 32 சரிதான். அந்த ஆண்டே கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்து 37 ஆனது. நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 அன்று செயல்பாட்டுக்கு வந்ததும் 38. எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால் அந்தத் தேதி எனக்கு மறக்காது. யூனியன் பிரதேசங்களும் அப்படித்தான்: 2019 அக்டோபர் 31-இல் 9 ஆனது, டாமன்-டையூவையும் தாத்ரா-நாகர் ஹவேலியையும் ஒன்றாக்கியதால் 2020 ஜனவரி 26-இல் 8 ஆனது.

அதனால்தான் என் விடைகளில் எண் வந்தால் பக்கத்தில் ஒரு தேதியும் இருக்கும். சர்க்கரை அளவுக்குத் தேதி போடாமல் மருத்துவரிடம் நீட்டினால் அவரால் என்ன செய்ய முடியும்? பொது அறிவுக்கும் அதே நியாயம். நீங்களும் தேதி போட்டு விடை அனுப்பினால் ஒரு மார்க் கூடுதல்.

சனிக்கு நிலா அதிகமா, வியாழனுக்கா? நீங்களே ரெண்டு தடவை மாத்திட்டீங்களே டீச்சர்.

மாற்றினேன், வானம் அப்படி. 2022-இல் கேட்டபோது விடை சனி. 2023 பிப்ரவரியில் வியாழனுக்குப் புதிய நிலாக்கள் சேர்ந்து 92 ஆகி, அது முந்திக்கொண்டது. அதே வருடம் சனி 146-க்குப் போனது. 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 நிலாக்களை அங்கீகரித்தார்கள், சனிக்கு 274. நிலாக்கள் புதிதாகப் பிறக்கவில்லை. சில கிலோமீட்டரே அகலமுள்ள சிறிய நிலாக்களை இப்போதுதான் நம்மால் பார்க்க முடிகிறது. மாவட்டக் கேள்வியில் சொன்ன தேதி விதியை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசிய விளையாட்டு ஹாக்கின்னு நீங்கதானே எங்களுக்கு கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தீங்க? இப்ப தப்புங்கறீங்க?

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். அதற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு 2012-இல் மத்திய விளையாட்டு அமைச்சகமே பதில் கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு மாநில விளையாட்டு உண்டு, அது கபடி.

இதே வகையில் இன்னும் இரண்டு. இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று ஒன்று கிடையாது. அரசியலமைப்பின் 343-வது பிரிவு பேசுவது ஒன்றிய அரசின் ஆட்சி மொழியைப் பற்றி. பிப்ரவரி 28 சர் சி.வி. ராமனின் பிறந்தநாளும் அல்ல. 1928-இல் அந்த நாளில் ராமன் விளைவைக் கண்டறிந்ததால் அது தேசிய அறிவியல் நாள். அவர் பிறந்தது 1888 நவம்பர் 7, திருச்சிராப்பள்ளியில்.

நவம்பர் 14 குழந்தைகள் தினம். அதுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

நேரு பிறந்தது 1889 நவம்பர் 14. கனடாவில் ஃபிரெடெரிக் பேன்டிங் பிறந்தது 1891 நவம்பர் 14. இன்சுலினைப் பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர் பேன்டிங். அதனால்தான் அவர் பிறந்தநாள் உலக நீரிழிவு நாளாக இருக்கிறது.

வருடா வருடம் இந்தக் கேள்வியைக் கேட்பேன், சலிக்காமல் கேட்பேன். 1921-இல் டொராண்டோவில் பேன்டிங்கும் அவருக்கு உதவிய பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களை வைத்துச் சோதித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. மருந்து சுத்தமாக இல்லாததால் அது சரிப்படவில்லை. காலிப் என்ற வேதியியலாளர் இரவு பகலாக உட்கார்ந்து சுத்தப்படுத்தித் தந்ததை ஜனவரி 23 அன்று போட்டார்கள். பையன் பிழைத்தான், அதன்பின் பதின்மூன்று வருடம் வாழ்ந்தான். அதற்கு முன்னால், உடம்பில் இன்சுலின் சுரக்காத இந்த வகைச் சர்க்கரை வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம் உயிரை இழுத்துப்பிடிப்பதைத் தவிர மருத்துவத்தில் வேறு வழி இருக்கவில்லை. காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். 1923-இல் பேன்டிங்குக்கும், அவருக்கு ஆய்வகத்தில் இடம் கொடுத்த பேராசிரியர் மக்லியோடுக்கும் நோபல் பரிசு வந்தது. பேன்டிங் தன் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லியோட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள்.

தினமும் இரவு ஊசி போட்டுக்கொள்ளும்போது அந்தப் பையனை நினைத்துக்கொள்வேன்.

இன்சுலின் ஆரம்பிச்சா கடைசி கட்டம்னு எங்க மாமியார் பயப்படுறாங்க. நிஜமா?

நிஜமில்லை. வருடங்கள் போகப்போகக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டு வரும். மாத்திரை போதாத இடத்தில் ஊசி வரும், அவ்வளவுதான். நான் பயந்து ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன். கால் நரம்பு கெட்டதில் அந்த ஒன்றரை வருடத்துக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். அவர்களை என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று: சர்க்கரை திடீரென்று இறங்குவது. 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழறல். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். மருந்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் குப்பியைக் கவரில் கட்டி, தண்ணீர் உள்ளே போகாதபடி மண்பானைக் குளிர்ச்சியில் வைப்பார்கள். அது நல்ல வழிதான்.

நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு எழுதினேன். ஏன் மார்க் போடல?

அது நம் அப்பா அம்மா காலத்து மருந்து. இப்போது புழக்கத்திலேயே இல்லை. இன்று அரசு மருத்துவமனைகளில் கையில் தோலுக்குள் போடுகிறார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். இரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். "தொப்புள் ஊசி" பயத்தில் மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த விடைக்கு அரை மார்க்கூடக் கிடையாது.

ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டியது, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருக்கவும் கூடாது. நோயின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். இதோடு சேர்த்து நான் கேட்கும் பொது அறிவுக் கேள்வி: இந்தியாவில் இதற்கான தடுப்பு மருந்தோடு பெயர் சேர்ந்த மலை ஊர் எது? குன்னூர். பாஸ்டர் நிறுவனம் அங்கே 1907-இல் தொடங்கியது.

நாட்டு நடப்புன்னு சொல்லிட்டு பழைய விஷயத்தை ஏன் கேக்குறீங்க?

செய்தியை மட்டும் கேட்டால் பேப்பர் படித்தவருக்கு மார்க், படிக்காதவருக்கு இல்லை என்று முடிந்துவிடும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். மறுநாள் நான் கேட்டது இது: "2022-இல் நம்ம ஊர்ப் பக்கம் நடந்த செஸ் ஒலிம்பியாடில் தொடர்ச்சியாக எட்டு ஆட்டம் வென்ற பையன் யார், எந்த ஊரில்?" விடை அதே குகேஷ், மாமல்லபுரம். பதினாறு வயதில் அவர் ஆடியதை ஞாபகம் வைத்திருந்த பத்துப் பேர் அன்று மிகவும் சந்தோஷப்பட்டார்கள். செய்திக்குப் பின்னால் அதன் வேர் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

சூப்பரான நியூஸ் ஒண்ணு ஃபார்வர்டு பண்ணிருக்கேன், நாளைக்கு கேள்வியா போடுங்க.

ஃபார்வர்டில் வந்ததைப் போடமாட்டேன். இரண்டு செய்தித்தாளில் வந்து, ஒருநாள் கழிந்து, அப்போதும் அது மாறாமல் இருந்தால் போடுவேன். அதனால்தான் என் நாட்டு நடப்புக் கேள்வி எப்போதும் முந்தாநாள் செய்தியாக இருக்கிறது.

உடல்நல ஃபார்வர்டுகளுக்கு இன்னும் கடுமையான விதி. "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள்" என்பது வருடத்துக்கு நான்கு தடவை எனக்கு வருகிறது. வீட்டில் மாரடைப்பு வந்தவர் இருமிப் பிழைக்கலாம் என்று எந்த மருத்துவ அமைப்பும் சொல்லவில்லை. இருமுகிற அந்த நேரத்தில் 108-ஐ அழைத்திருக்கலாம். டெங்கு காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் ப்ரூஃபன் வகை மாத்திரையும் கூடாது, பாராசிட்டமால் மட்டும்தான் என்பது ஃபார்வர்டில் வருவதே இல்லை. வர வேண்டியது அதுதான்.

அரசியல் கேள்வியே வர்றதில்லையே?

வருகிறது. யார் நல்லவர் என்று கேட்பதில்லை. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆனது எந்தத் திருத்தத்தால் என்று கேட்பேன்: 61-வது.

டிஎன்பிஎஸ்சி-க்கு இது மட்டும் போதுமா அக்கா?

போதாது தம்பி. பாடப்புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் இங்கே வரணும். ஆனால் தேதியோடு படிக்கிற பழக்கம் அங்கே உதவும். தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிட்டு, தவறு இருந்தால் ஆதாரத்தோடு மறுப்புத் தெரிவிக்கச் சொல்வார்கள். அப்போது எந்த வருடப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று காட்டத் தெரிந்தவனுக்குத்தான் பலன்.

தினமும் க்விஸ் போட்டா வயசான காலத்துல மறதி நோய் வராதுல்ல டீச்சர்?

அப்படி ஒரு வாக்குறுதியை என்னால் தர முடியாது, யாராலும் முடியாது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றையெல்லாம் சரிசெய்தால் மறதி நோயில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, உடல் அசைவில்லாமல் இருப்பது, தனிமை எல்லாம் அதில் உண்டு. காது கேட்காததும் கண் சரியாகத் தெரியாததும்கூட உண்டு.

என் அண்ணன் மூன்று வருடமாகக் காது மெஷின் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். எதிரில் பேசுவது புரியாமல் கூடத்தில் உட்காருவதையே விட்டுவிட்டார். இப்போது மெஷின் வைத்துக்கொண்டு பேத்தியோடு சேர்ந்து விடை போடுகிறார். கேள்வியால் நோய் போகிறதோ இல்லையோ, பேத்தியோடு உட்காருகிறார். உங்கள் வீட்டில் யாருக்காவது காது மந்தம் என்றால் க்விஸ்ஸுக்கு முன்னால் அதைக் கவனியுங்கள்.

ஒருநாள் கேள்வி வரலைன்னா என்னன்னு எடுத்துக்கிறது?

2024 கார்த்திகையில் ஒருநாள் வரவில்லை. முந்தின இரவு ஊசி போட்டுக்கொண்டு, வயிறு சரியில்லை என்று ஒரு இட்லியோடு படுத்துவிட்டேன். ஏழு மணி ஆகியும் கேள்வி வராததைப் பார்த்து, அடுத்த தெருவில் இருக்கும் என் பழைய மாணவி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருந்த சாவியால் திறந்து வந்து பார்த்தபோது நான் வேர்வையில் நனைந்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் முனகிக்கொண்டிருந்தேனாம். அளந்ததில் 52. விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தே மீட்டாள்.

அதன்பிறகு இது எங்கள் ஏற்பாடு. ஆறரை வரை பாருங்கள். வரவில்லை என்றால் உள்ளூர்க்காரர்கள் போன் செய்யுங்கள். நான் எடுக்காவிட்டால் அவள் சாவியோடு வருவாள். வெளியூர் போகும் நாட்களில் முந்தின இரவே "நாளை கேள்வி இல்லை" என்று எழுதிவிடுவேன். தனியாக இருக்கிற உங்கள் அம்மா, அத்தை யாராவது இருந்தால் அவர்களும் தினமும் காலையில் ஒரு வரி அனுப்பட்டும். கேள்வியாக இருக்க வேண்டும் என்றில்லை, "எழுந்துட்டேன்" என்றாலும் போதும்.